செயின்ட் ஆண்ட்ரூஸ்ல கால்ஃப் ஆடப் போறீங்களா? டிக்கெட்டுக்கு முன்னாடி உடம்பைப் பாருங்க

1/ பிள்ளைங்க லண்டன்ல வேலை பார்க்கிறாங்க. ரிட்டயர் ஆன அப்பாவுக்கு கால்ஃப்னா உயிர். ஸ்காட்லாந்து போய் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ்ல ஒரே ஒரு தடவை ஆடிடணும்னு ஆசை. கூடவே சுகர், பிரஷர், ஸ்டென்ட்னு ஏதோ ஒண்ணு. அவங்களுக்காகவும் அவங்க பிள்ளைகளுக்காகவும் இந்த இழை.

2/ 150-வது ஓப்பன் சாம்பியன்ஷிப் 2022-ல் நடந்தது இங்கேதான். ஆனாலும் இது பொது மைதானம். ஹேண்டிகேப் சான்று இருந்தா நீங்களும் ஆடலாம். முன்பதிவு கிடைக்கலைன்னா குலுக்கல் இருக்கு: ஆடும் நாளுக்கு 2 நாள் முன்னாடி பெயர் கொடுக்கணும். அதனால 4 நாளாவது கையில் வெச்சுக்கோங்க. பயணக் களைப்பும் அதுல தீரும்.

3/ பலரும் கவனிக்காத விஷயம்: இங்கே பொதுவா பக்கி வண்டி கிடையாது. நடந்துதான் ஆடணும். மருத்துவக் காரணம் இருந்தா முன்கூட்டியே எழுதிக் கேளுங்க.

4/ 18 ஹோல்னா சுமார் 8 கிலோமீட்டர், 4 மணி நேரத்துக்கு மேல். மேடு பள்ளமான புல்தரை, முகத்தில் அறையும் கடல் காற்று. குளிர் காற்றில் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். பையைக் கேடி தூக்கட்டும்.

5/ இந்த மைதானத்தை அளந்து 1924-ல் படம் வரைந்தவர் அலிஸ்டர் மெக்கன்சி. அவரும் டாக்டர்தான்! பிறகு அகஸ்டா மைதானத்தை பாபி ஜோன்ஸோடு சேர்ந்து வடிவமைத்தார். கால்ஃப் உடம்புக்கு மருந்துன்னு நம்பியவர். நானும் நம்புறேன். ஆனா மருந்துன்னா அளவு உண்டு.

6/ அந்த அளவுக்கு உடம்பைப் பழக்க 8 வாரம் வேணும். இன்னைக்கு 2 கிலோமீட்டர் நடக்கிறவர் வாரம் கொஞ்சமா கூட்டி 8-க்கு வரணும். ஷூவை ஊர்லயே போட்டுப் பழகுங்க. சுகர்ல கால் மரத்துப் போனவருக்குப் புது ஷூ கொப்புளம் போட்டாலும் தெரியாது.

7/ ஸ்டென்ட் வெச்சவங்க, மாடி ஏறினா மூச்சு வாங்குறவங்க, நடந்தா நெஞ்சு இறுக்குறவங்க: டிக்கெட் போடும் முன்னாடி இதய மருத்துவரைப் பாருங்க. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைப் பயணத்தில் ஒரு வேளைகூட விடக்கூடாது.

8/ இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்கு நாலு மணி நேர நடையில் சுகர் இறங்கலாம். அன்றைய டோஸ் பற்றி உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேளுங்க. பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் 3 டீஸ்பூன், 15 நிமிடத்தில் மறுபடி டெஸ்ட். அன்று இரவு படுக்கும் முன்னும் ஒரு தடவை பாருங்க.

9/ நெஞ்சு இறுக்கம், தாடை வலி, குளிர்ந்த வியர்வை வந்தா அந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்துங்க. சுகர் உள்ளவங்களுக்கு வலியே இல்லாம வெறும் மூச்சுத் திணறலா வரலாம். "இந்த ஹோல் மட்டும் முடிச்சுடறேன்" வேண்டாம். அங்கே அவசர எண் 999.

10/ டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டா? அப்பவும் போகலாம். பெரிய போட்டி நாட்கள் தவிர, ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது. ஊர்க்காரங்க நாயோடு உலாவ வருவாங்க, கட்டணம் இல்லை. 18-வது ஹோல்ல ஸ்வில்கன்னு ஒரு சின்னக் கல் பாலம். அப்பாவை மெதுவா அங்கே கூட்டிட்டுப் போய் ஒரு போட்டோ எடுங்க. மட்டை இல்லாமலும் அது செயின்ட் ஆண்ட்ரூஸ்தான்.