'வித்': எதிரி நண்பனான கதை

தேர்வு முடிவுப் பட்டியலில் தன் எண்ணுக்கு நேரே 'வித்ஹெல்ட்' என்று பார்க்கும் மாணவனுக்கு வயிற்றைக் கலக்கும். பாஸா, ஃபெயிலா தெரியாது. முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் தெரியும். அந்த நேரத்தில் யாரும் இலக்கணம் யோசிப்பதில்லை. ஆனால் யோசிக்க வேண்டிய விஷயம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'வித்' என்றால் 'உடன்' என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தது? இங்கே அது 'கொடுக்காமல்' என்று எப்படி ஆனது?

சுமார் 1000 ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்பதன் முக்கியப் பொருள் 'எதிராக' என்பதுதான். 'உடன்' என்று சொல்ல 'மிட்' என்று வேறு சொல் இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் அதற்கு 'மிட்' தான். இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழியில் 'வித்'துக்கு உறவான சொல் 'உடன்' என்ற பொருளையும் தந்தது. அந்தத் தாக்கமும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் 'மிட்'டின் நாற்காலியில் 'வித்' உட்கார்ந்துவிட்டது.

'மிட்' முழுதாகச் சாகவில்லை. பிரசவம் பார்ப்பவரைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. அன்று 'வைஃப்' என்றால் பெண். தாயின் 'உடன் இருக்கும் பெண்' என்று பொருள்.

'வித்'தின் பழைய குணமும் போகவில்லை. 'வித்ஸ்டாண்ட்' என்றால் எதிர்த்து நிற்பது. வங்கியில் பணம் எடுக்கும் 'வித்ட்ரா' என்றால் பின்னால் இழுப்பது. 'வித்ஹோல்ட்' என்றால் கொடுக்காமல் பிடித்து வைப்பது.

தனியாக வரும்போதும் சில நேரம் குழப்பும். பிரிட்டன் பிரான்ஸ் 'வித்' சண்டையிட்டது என்று ஆங்கிலத்தில் எழுதினால், 1815 வாட்டர்லூவில் அதற்கு 'எதிராக' என்று பொருள்; 1914இல் தொடங்கிய முதல் உலகப் போரில் 'சேர்ந்து' என்று பொருள். தமிழில் மட்டும் என்ன, 'அவனோடு சண்டை போட்டான்' என்றால் அவன் எதிரிதானே!

தமிழ் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் வேறு. 'ராமனால் வெட்டப்பட்டது', 'கத்தியால் வெட்டினான்' என்று தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ஆல்'. ஆங்கிலத்தில் ஆளுக்கு 'பை', கருவிக்கு 'வித்'. இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்தால் பாதித் தவறு குறையும்.

முன்னிடைச்சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் சுவை இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் தானாகவே நினைவில் நிற்கும். முடிவு வராமல் காத்திருக்கும் அந்த மாணவனுக்கோ, 'வித்' இன்னும் பழைய எதிரிதான்.