ஏழாயிரம் அடியில் உப்புத் தண்ணீர்

அக்டோபர் 6, நாயுடுபுரம், கொடைக்கானல்

வத்தலகுண்டு பழைய மரக்கடையிலிருந்து சட்டங்கள் வந்து இறங்கின. இடித்த வீட்டுத் தேக்கு, நாலுக்கு மூணு. ஆணி பிடுங்கிய துளைகள் அங்கங்கே தெரிகின்றன. ஆனால் ஓரத்தில் இழைப்புளியை ஓட்டிப் பார்த்ததும் உள்ளேயிருந்து எண்ணெய்ப் பசையோடு தங்கநிறம் எட்டிப் பார்த்தது. புதுத் தேக்குக்குக் கையில் பணம் இருந்திருந்தாலும் இதைத்தான் வாங்கியிருப்பேன். ஒரு தலைமுறை கூரையைத் தாங்கிக் காய்ந்த மரம் இனிமேல் முறுக்கிக்கொள்ளாது.

உடனே வேலையைத் தொடங்கவும் கூடாது. கீழ்நாட்டு வெயிலில் கிடந்த மரம் இந்த மூடுபனியில் ஈரம் குடித்துக் கொஞ்சம் ஊதும். ஊதி முடித்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். தொட்டி நிற்கப்போகும் அறையிலேயே சட்டங்களை அடுக்கி, இடையிடையே ரீப்பர் கொடுத்துக் காற்றாட வைத்திருக்கிறேன்.

தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். 24 கன அடி என்றால் ஏறக்குறைய 680 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ. விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினாலும் தண்ணீர் மட்டும் 635 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. அதில் 120 கிலோ போல வந்துவிடும். மணல், கல், தண்ணீரை வடிகட்டும் கீழ்த்தொட்டி, ஸ்டாண்டின் மரம் எல்லாம் கூட்டினால் ஒரு டன். மீன் வளர்ப்பு என்றதும் எல்லோருக்கும் மீன்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு இந்த ஒரு டன்தான் முதலில் வருகிறது. அது சரியாக உட்காராத வீட்டில் மீனுக்கு வாழ்வு இல்லை.

அக்டோபர் 9

முன்னறையில் வைத்தால் வாசலிலிருந்தே தெரியும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். முன்னறை பழைய பங்களா பாணிப் பலகைத் தளம். அடியில் வெற்றிடம். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கணக்கு இதுதான்: குடியிருப்புத் தளங்களுக்கு நம் நாட்டுத் தர விதி (ஐ.எஸ். 875, இரண்டாம் பாகம்) சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ. ஸ்டாண்டின் அடிப்பரப்பு ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த இடத்தில் நான் ஏற்றப்போவது ஒரு டன். மாடியில் வைக்க நினைப்பவர்கள் பொறியாளரைக் கூப்பிடாமல் ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது. பின்னறை, நேராக மண்மேல் போட்ட கான்கிரீட் தரை. அங்கேதான்.

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். பிறகு கொத்தனாரின் டியூப் மட்டத்திலும் பார்த்தேன். ஆறடிக்கு 4 மி.மீ. சரிவு இருக்கிறது. காலுக்கடியில் எஸ்.எஸ். தகடு கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம்.

அக்டோபர் 27

ஆசாரி வந்தார். வில்பட்டிக்காரர்; நாயுடுபுரத்தில் பாதி வீட்டுக்குக் கதவு நிலை அவர் கைவேலைதான். வரைபடத்தைத் தரையில் விரித்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கட்டிலுக்கு நாலு காலு சரி சார். இதுக்குப் பத்தாது. நடுவுல தொய்யும்."

அவர் அனுபவத்தில் சொன்னதையே கணக்கும் சொல்கிறது. முன்சட்டத்தின் மேல் ஏறத்தாழ அரை டன். ஆறடி இடைவெளியில் இந்த நாலுக்கு மூணு தேக்கை நிமிர்த்தி வைத்தாலும் நடுவில் 6 மி.மீ. வரை இறங்கும். சட்டம் ஒடியாது. மரத்துக்கு 6 மி.மீ. ஒரு பொருட்டே இல்லை. கண்ணாடி அதைப் பொறுக்காது, ஒட்டிய மூலையில் ஒருநாள் கோடு விழும். நடுவில் ஒரு கால் கொடுத்தால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே முன்னால் மூன்று, பின்னால் மூன்று.

நடுக்கால் வந்ததும் அடுத்த சிக்கல். உள்ளே போக வேண்டிய கீழ்த்தொட்டி 4 அடி. முன்பக்கம் இரண்டு திறப்புகளும் மூன்றடிக்கும் குறைவு. முன்னால் நுழையாது. ஒரு பக்கப்பலகையைக் கழற்றி மாட்டும்படி வைத்து, கீழ்த்தொட்டியை அந்த வழியாக நெடுக்கில் தள்ளுவது என்று முடிவு செய்தோம். முன்பின் கால்களுக்கு இடையே 18 அங்குலம் கிடைக்கிறது. கீழ்த்தொட்டியின் அகலம் 16. இதற்காக ஸ்டாண்டு பக்கச்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி நிற்கும். இடம் வீண்தான். ஆனால் என்றைக்காவது கீழ்த்தொட்டி கசிந்தால், மேலே இருக்கும் 600 லிட்டரை இறைக்காமல் அதை வெளியே எடுக்க வேறு வழியில்லை.

மூட்டு விஷயத்தில் ஆசாரியோடு எனக்கு ஒரு வாக்குவாதமும் இல்லை. காலின் தலையில் படி வெட்டி, மேல்சட்டம் அந்தப் படியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியின் பாரம் சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து காலுக்கு, காலிலிருந்து தரைக்கு. எந்த இடத்திலும் திருகின் மேல் பாரம் இல்லை. திருகு பிடித்துக்கொள்ள மட்டும்தான். "ஆணியில தொங்க விட்டா அது ஆணி வேலை, மரவேலை இல்ல" என்றார். இப்படிச் சொல்கிற ஒரு ஆள் கிடைத்தது என் பாக்கியம்.

நவம்பர் 3

வடகிழக்குப் பருவமழை. மின்சாரம் காலையில் போனது, சாயங்காலம் வந்தது. இன்வர்ட்டர் பேட்டரி இரண்டாவது ஒன்று வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 10

பின்பலகை ஏற்றியாயிற்று. 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது. சாதாரண பிளைவுட் உப்பு ஈரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். இந்தப் பலகை அழகுக்கு அல்ல. ஆறு கால் எத்தனை பலமாக இருந்தாலும் பக்கவாட்டில் யாராவது சாய்ந்தால் சட்டகம் கோணிக்கொள்ளும். பின்னால் ஒரே பலகை ஒட்டித் திருகினால் கோணாது. ஆசாரியும் நானும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உலுக்கிப் பார்த்தோம். அசையவில்லை.

கதவுகள் தாண்டிக்குடிப் பக்கத்துச் சில்வர் ஓக். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நட்டது. அதன் ரேகை பார்க்க அத்தனை அழகு. நடுப்பலகையைப் பசை போடாமல் சட்டத்தின் காடியில் சும்மா நிறுத்தியிருக்கிறோம். மழைக்காலத்தில் ஊதவும் கோடையில் சுருங்கவும் அதற்கு இடம் வேண்டும்.

உட்புறம் முழுக்க வெள்ளை எபாக்சி. வெள்ளை எதற்கென்றால், கசிவு இருந்தால் முதல் நாளே கண்ணில் படும். கடல்நீர் எங்கே ஒரு சொட்டு காய்ந்தாலும் அங்கே உப்புப் பூக்கும். அந்தப் பூ நாளுக்கு நாள் ஊர்ந்து ஒயர் வழியாகப் பிளக் வரை போய்விடும். அதனால் மின்பலகைக்கு வலதுகோடியில் தனி அறை, நடுவே தடுப்பு. ஒவ்வொரு ஒயரும் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறுகிறது. வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். முப்பது மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். இந்தச் செலவில் மட்டும் யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

நவம்பர் 24

இத்தனை நாள் ஸ்டாண்டைப் பற்றியே எழுதிவிட்டேன். ஆனால் ராத்தூக்கத்தைக் கெடுப்பது மேல்மூடி.

சென்னையிலோ தூத்துக்குடியிலோ தொட்டி வைப்பவரின் கவலை சூடு. அங்கே மூடியைத் திறந்தாற்போல் செய்து, சின்ன மின்விசிறிகளைத் தண்ணீர்ப்பரப்பின் மேல் ஓடவிட்டு, ஆவியாக்கிக் குளிர்விப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அங்கே வரப்பிரசாதமான அதே ஆவி இங்கே எனக்கு நஷ்டம். டிசம்பர் ராத்திரியில் இந்த அறை 11, 12 டிகிரிக்கு இறங்கும். தண்ணீர் 25 டிகிரியில் நிற்க வேண்டும். திறந்து வைத்தால் வெப்பம் முழுக்க ஆவியோடு போய்ச் சேரும்; ஆவி எதிர்ச்சுவரில் வியர்த்து வழியும்; மாதக்கணக்கில் அப்படி வழிந்தால் சுவர் பூஞ்சை பிடிக்கும்.

அப்படியானால் இறுக்கி மூடிவிடலாமே? அதுவும் ஆகாது. மீனும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயு வெளியேற வழியில்லாவிட்டால் தண்ணீரிலேயே தங்கி அதன் காரத்தன்மையைக் குறைக்கும். 8.2 இருக்க வேண்டிய பி.எச். 7.8க்கு இறங்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவைக்கும் மலை வீடுகளில் அறைக்காற்றிலேயே அந்த வாயு அதிகம். இன்னொன்று, கொடைக்கானலின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 78 சதவீதம். 25 டிகிரிக் கடல்நீர், நான் பிறந்த கடலோர மண்டபம் பக்கத்தில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்துவைக்கும் என்றால், அதே தண்ணீர் இங்கே 5.2தான் வைத்திருக்கும். மீனுக்கு அது போதும், ஆனால் கையிருப்பு குறைவு. மின்சாரம் நின்று தண்ணீர் கலங்காமல் இருந்தால் கீழே உள்ளவர்களைவிட எனக்கு நேரம் கம்மி.

மலையில் மூடி சூட்டைப் பிடித்து வைக்கவும் வேண்டும், மூச்சு விடவும் வேண்டும். பல தாள்களைக் கிழித்துப் போட்டபின் வந்த முடிவு: மூடியை இரண்டு அடுக்காகச் செய்வது. கண்ணாடி விளிம்பின் மேல் தெளிந்த பாலிகார்பனேட் தகடு. முக்கால் பரப்பை மட்டும் மூடும். ஆவி அதன் அடியில் படிந்து திரும்பத் தொட்டிக்கே சொட்டும். அதற்கு மேலே மரமூடி, 12 அங்குல உயரம், அந்த மூடியின் பின்பலகையின் மேல்விளிம்பில் நீளத்துக்கும் ஒரு விரல்கடை இடைவெளி, இடதுபக்கம் கீழே காற்று நுழையத் துளைகள். விளக்கின் சூடே காற்றை மேலே இழுத்துக்கொள்ளும். ஒரு சின்ன விசிறி வைத்திருக்கிறேன். அது கோடைப் பகலுக்கு மட்டும். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் நுரைபிரிப்பானுக்குக் காற்று அறையிலிருந்து வேண்டாம். ஜன்னல் சட்டத்தில் துளையிட்டு வெளியிலிருந்து ஒரு மெல்லிய குழாய். அந்தக் கருவி நாள் முழுக்கக் காற்றையும் தண்ணீரையும் கடைவதால், பி.எச்.சைக் காப்பதில் பாதி வேலை இந்தக் குழாயிலேயே முடிந்துவிடும்.

டிசம்பர் 8

ஆசாரி மூடிக்குப் பித்தளைக் கீல் கொண்டுவந்தார். கனமான, பழைய வார்ப்பு; யாருக்கும் பிடிக்கும். வேண்டாம் என்றேன்.

"ஏன் சார், துருப்பிடிக்காதே?"

துருப்பிடிக்காதுதான். பித்தளையில் செம்பு இருக்கிறது. உப்புநீராவி அதை அரித்து, பச்சையாகக் களிம்பு ஏறி, ஒரு சொட்டாகத் தொட்டியில் விழும். மீன் கொஞ்சம் தாங்கும். இறாலும் நத்தையும் மிகக் குறைந்த செம்பிலேயே செத்துப்போகும். இதைச் சொன்னதும் கீலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். உடனே அவராகவே திண்டுக்கல்லுக்குப் போன் போட்டு 316 தர எஸ்.எஸ். கீலும் திருகும் அனுப்பச் சொன்னார். 304 தரமும் கடையில் பளபளவென்றுதான் இருக்கும். உப்பில் சில மாதத்தில் புள்ளி விழும்.

மூடியின் உட்புறத்துக்கும் வெள்ளை எபாக்சி, மூன்று கை. ஒவ்வொரு கையும் இந்தக் குளிரில் காய நேரம் பிடிக்கிறது. அவசரமில்லை.

டிசம்பர் 20

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "பவளம் வைப்பியாப்பா? டிவில பாத்திருக்கேன், பூ மாதிரி ஆடுமே" என்று கேட்டார்.

வைக்க மாட்டேன். சட்டப்படியும் முடியாது: 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. கடல்குதிரைக்கும் அப்படியே. உயிருள்ளது மட்டுமல்ல, செத்த பவளக்கல்லையும் அலங்காரத்துக்குக்கூட வீட்டில் வைக்கக் கூடாது.

சட்டம் இல்லாவிட்டாலும் வைத்திருக்க மாட்டேன். நான் பிறந்தது மண்டபம் பக்கம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று 1986இல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். இன்று தண்ணீருக்கு மேலே அத்தனை இல்லை. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் பவளப்பாரை வெட்டி வெட்டி எடுத்ததில் தீவுக்கு அலைத்தடுப்பே இல்லாமல் போயிற்று. ஒரு தீவையே கரைத்த கையோடு, அதில் ஒரு துண்டை என் மூடியின் விளக்கொளியில் வைத்து அழகு பார்க்க எனக்கு மனம் வராது.

தொட்டிக்குள் சுட்ட களிமண் கட்டிகள்தான். துளை நிறைய விட்டு வனைந்து, நன்றாகச் சுட்டவை. நுண்ணுயிர் குடியேற அது போதும். மீனும் பிடித்த மீன் வேண்டாம். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையைச் செய்து காட்டி, பலருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அப்படிப் பொரிப்பகத்தில் பிறந்த ஜோடிக்குத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். 1909இல் சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்தபோது எதிரிலேயே கடல் இருந்தது. இன்றைக்குக் கடலைத் தொடாமலே ஒரு கடல்மீனை வளர்க்க முடிகிறது. மலைக்காரனுக்கு அதுதான் கௌரவமான வழி.

பெரியம்மா, "அப்ப அந்த ஆரஞ்சு மீனு போதும்" என்றார்.

ஜனவரி 4

ஏரிப்பக்கம் புல் வெள்ளையாக உறைந்திருந்ததாகப் பால்காரர் சொன்னார். இப்படி ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தேன். குளிரில் தாங்காத மூடி எனக்குத் தேவையில்லை.

சுத்திகரித்த தண்ணீர் 620 லிட்டர், லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஏறக்குறைய 22 கிலோ உப்புக்கலவை. நேற்றுச் சாயங்காலம் நிரம்பியது. கால்வாசி நிரம்பியபோது ஒருமுறை, பாதியில் ஒருமுறை, முழுசாக ஒருமுறை ரசமட்டம் வைத்தோம். குமிழி நகரவில்லை. நடுக்காலுக்குப் பக்கத்தில், பாரம் ஏறுவதற்கு முன் ஆசாரி போட்டிருந்த பென்சில் கோடு அதே இடத்தில். அவர் குனிந்து சட்டத்தின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "உக்காந்துருச்சு சார்" என்றார்.

இரண்டு ஹீட்டர், தலா 500 வாட். ஒன்று பழுதானாலும் மற்றது உயிரைப் பிடித்து வைக்கும். ஒன்று நிற்காமல் ஓடினாலும் தண்ணீர் வெந்துவிடாது. இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஓடினால் இந்தத் தண்ணீரை ஏறத்தாழ 1.4 டிகிரி ஏற்றும். காலையில் பார்த்தபோது அறை 10 டிகிரி, தண்ணீர் 24.8. சுவரில் ஈரம் இல்லை. பாலிகார்பனேட்டின் அடியில் மட்டும் முத்து முத்தாக நீர், அதுவும் தொட்டிக்குள்ளேயே சொட்டுகிறது. பி.எச். 8.1.

ஒரே ஒரு திருத்தம். மூடியின் பின்னிடைவெளியின் வலதுகோடி மின்பலகைக்கு நேர்மேலே வருகிறது; அங்கே வரும் ஈரக்காற்று கீழே இறங்க வேண்டாம். அந்த ஒரு சாண் நீளத்தை அடைத்து, இடதுபக்கம் அதே அளவு திறக்க வேண்டும். ஆசாரி வெள்ளிக்கிழமை வருகிறார். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியம் காட்டும்வரை, அது எத்தனை வாரமானாலும், மீன் மேலே ஏறாது.