சமணர் மலையடியில் ஒரு கூண்டு வீடு

மதுரைக்கு மேற்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரத்தில், தேனிச் சாலையை விட்டுச் சற்று விலகி இருக்கிறது கீழக்குயில்குடி. ஊரை அணைத்தாற்போல் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனாரும் கருப்பசாமியும் குடியிருக்கும் கோவில். மலையில் செட்டிப்புடவுக் குகையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர். பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கருகே வரிசையாகச் சமணத் திருவுருவங்கள். அவற்றின் கீழ் வட்டெழுத்துக்கள். மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் கால்நடையாகவே திரிய வேண்டுமென்று விதித்துக்கொண்ட முனிவர்களுடைய இடம் இது. அவர்களுக்கு மூட்டையுமில்லை, முடிச்சுமில்லை. குடும்பஸ்தர்களாகிய நமக்கோ பாயும் வேண்டும், குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்பும் வேண்டும்!

இந்தச் சீமையின் குடியானவர்கள் அதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். எரு ஏற்றும் அதே பார வண்டியின் மேல், மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டைக் கட்டுவார்கள். வைக்கோலைப் பரப்பி ஜமக்காளத்தை விரித்துவிட்டால் சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்ப சகிதமாகப் புறப்பட்டுவிடலாம். இரவில் அதுவே படுக்கையறை. ஊர் திரும்பியதும் கூண்டைக் கழற்றிவிட்டால், மறுநாள் வண்டி மறுபடியும் வயலுக்குப் போகும்.

இன்று அமெரிக்காவில் திறந்த பிக்கப் லாரியின் மேடையில் கழற்றி இறக்கக்கூடிய சிறு வீட்டை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதும் இதே யுக்திதான். நாவலாசிரியர் ஜான் ஸ்டெயின்பெக் 1960-இல் தமது நாயுடன் அப்படித்தான் தேசத்தைச் சுற்றிவந்தார். நாயோடு போகிறவருக்கு ஆசனக் கவலை இல்லை; மனைவி மக்களோடு போகிறவருக்கு அதுவே முதற்கவலை.

நம்மூரில் 'குட்டி யானை' என்று செல்லமாக வழங்கும் டாட்டா ஏஸ் 2005-இல் வந்தது. அதன் முன்னறையில் ஓட்டுபவரோடு இன்னொருவர் உட்காரலாம், அவ்வளவுதான். மற்றவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. சரக்கு வண்டியில் ஆளேற்றுவது சட்ட விரோதம் என்பது ஒருபுறமிருக்க, ஒரு திருப்பத்தில் வண்டி சாய்ந்தால் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இராது. மேலே வீடு கட்டிவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடுமா? ஓடும்போது அதற்குள் எவரும் இருத்தலாகாது. ஆகவே, ஐவர் அமரக்கூடிய இரட்டை முன்னறை வண்டிதான் குடும்பத்துக்கு ஏற்றது. அதில் பின்மேடை குறுகிவிடுமே என்றால், குறுகட்டும், வீட்டைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது பாரம். விற்பவர் சொல்லும் எடை காலி வீட்டின் எடை. 80 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 80 கிலோ. அடுப்பு, எரிவாயு உருளை, பாத்திரம், படுக்கை, பயணிகள் எல்லாம் வண்டி தாங்கும் கணக்கிலேயே சேரும். எல்லாவற்றையும் ஏற்றி எடைமேடையில் நிறுத்திப் பார்த்தாலன்றி நம்புவதற்கில்லை. வண்டிக்காரர்கள் 'முன்பாரம், பின்பாரம்' என்பார்கள். பின்பாரமானால் நுகம் மேலெழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். லாரியிலோ முன்சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் திருப்புவதே கடினமாகிவிடும். வீட்டின் பாரம் பின் அச்சுக்குச் சற்று முன்னாலேயே விழவேண்டும். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறதென்று கேளாமல் பணம் கொடுக்கலாகாது. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கும் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் தடைகள் உண்டு. போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டே ஆசாரியைக் கூப்பிடவேண்டும்.

இவ்வளவு சிரமத்துக்கும் பலன், இறக்கி வைப்பதில் இருக்கிறது. நான்கு மூலையிலும் ஜாக்கிக் கால்களை ஊன்றி வீட்டை நிறுத்திவிட்டால், லாரி மட்டும் திருப்பரங்குன்றமோ அழகர்கோவிலோ போய் வரலாம். பாட்டி பேரக் குழந்தையுடன் நிழலில் இருப்பாள். மலையும் சிற்பங்களும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாதலால் அடிவாரத்தை ஒட்டி அடுப்பு மூட்டலாகாது. ஊராரைக் கேட்டு, கட்டாந்தரையாகப் பார்த்து நிறுத்தவேண்டும். ஈர மண்ணானால் ஜாக்கிக்கு அடியில் பலகை போட்டுக்கொள்ள வேண்டும். விடியுமுன் எழுந்தால், பாறை சுடுவதற்குள் பேச்சிப்பள்ளம் ஏறி இறங்கிவிடலாம்.