யார் பேரில் வண்டி?

விருத்தாசலத்தில் வண்டிக் கடனுக்கு யாரும் தனியாக வருவதில்லை. பையன் நிறம் பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா டெலிவரி தேதி கேட்பார். அம்மா என் மேஜைக்கு எதிரே, மடியில் பையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஷோரூமில் பைனான்ஸும் இன்சூரன்ஸும் பார்க்கிற எனக்கு முதலில் பேச வேண்டிய ஆள் அந்த அம்மாதான். பல வீடுகளில் கடன் கிடைக்கப்போவது அவர் பேரில்.

நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண் பக்கத்தில் கிடைத்ததால் வளர்ந்த ஊர்த்தொழில் எங்களுடையது. செராமிக் பட்டறைகளில் அச்சில் குழம்பு ஊற்றுவது, ஈரம் காயுமுன் பிசிறு சீவுவது, பொம்மைக்கு வர்ணம் தீட்டுவது எல்லாம் பெண்கள் கை வேலை. கூலி வாரக் கூலி, ரொக்கம். சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது. ஆனால் அந்த அம்மா வருஷக்கணக்காகக் குழுக் கடன் வாங்கி, வாரம் தவறாமல் கட்டியிருப்பார். அதெல்லாம் சிபில் என்கிற கடன் பதிவேட்டில் பதிவாகி நிற்கும். பையனுக்கு அங்கே மைனஸ் ஒன்று என்று வரும். இதுவரை கடனே வாங்காதவன் என்று பொருள். அப்பாவுக்கு ஏதோ ஒரு பழைய கடனைப் பேசிக் குறைத்துக் கட்டியதன் அடையாளமாக ‘செட்டில்டு’ என்று ஒரு வரி இருக்கும். பைனான்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் மூவரையும் பார்த்துவிட்டு அம்மாவைக் காட்டும்.

“எனக்கு சைக்கிளே வராது சார், எம் பேர்ல எதுக்கு?” என்பார் அவர்.

“சும்மா கையெழுத்துதாம்மா,” என்பான் பையன்.

சும்மா இல்லை. கடன் யார் பேரிலோ ஆர்.சி. புத்தகமும் அவர் பேரில் வரும். பாலிசியும் அவர் பேரில் வரும். ஓட்டப்போவது வேறு ஆள். அதனால் யார் பேரில் வண்டி, யார் ஓட்டுவது, யார் ட்யூ கட்டுவது என்ற மூன்றையும் கேட்காமல் நான் பாரத்தை எடுப்பதில்லை. எங்கள் ஊரில் இன்சூரன்ஸ் தவறிப்போவது பெரும்பாலும் இந்த மூன்று பதிலும் மூன்று ஆளாக இருப்பதால்தான்.

முதலில் வட்டியைச் சொல்லிவிடுகிறேன். ஷோரூம் விலை 80,000 என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து லட்ச ரூபாய் வரையுள்ள புது வண்டிக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அது 8,000. பதிவு, இன்சூரன்ஸ், ஹெல்மெட், சைடு கம்பி எல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வரும்போது லட்சத்தைத் தொடும். பத்தாயிரம் முன்பணம், 90,000 கடன், 36 மாதம், ‘பத்து பர்சென்ட்’. வருஷத்துக்கு 9,000 வீதம் மூன்று வருஷத்துக்கு 27,000 வட்டி; மாத ட்யூ 3,250. பையன் மனக்கணக்குப் போட்டு, “நூத்துக்கு 83 பைசா வட்டிதாம்மா” என்பான். குழுவில் இரண்டு ரூபாய் வட்டி பார்த்த அம்மாவுக்கு அது இனிக்கும். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முதல் நாள் 90,000-க்கே கடைசி வரை ஓடுகிறது. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் அது வருஷத்துக்கு ஏறத்தாழ 18 சதவீதம், அதாவது ஒன்றரை ரூபாய் வட்டி. 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கிற கடனுக்கெல்லாம் கட்டணங்களையும் சேர்த்த வருடாந்திர விகிதத்தை ஒரு விவரத்தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. அந்தத் தாளில் 18-க்கு மேல்தான் எண் இருக்கும். அதைத் தமிழில் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். சில பேர் கேட்கிறார்கள்.

ட்யூ தேதி இன்னொரு சங்கதி. வாரக் கூலிக்காரருக்கு ஐந்தாம் தேதியும் பத்தாம் தேதியும் ஒன்றுதான். கணக்கில் மொத்தமாக 3,250 என்றைக்கும் இருக்காது. சனிக்கிழமை கூலி வாங்கியதும் 750 ரூபாயைக் கணக்கில் போட்டுவிடச் சொல்கிறேன். 52 வாரத்துக்கு அது 39,000. பன்னிரண்டு ட்யூவும் அதே 39,000. கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் வங்கி ஒரு தொகை பிடிக்கும், பைனான்ஸ் ஒரு தொகை பிடிக்கும், சிபிலில் ஒரு கோடு விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சை உருப்படி காயாமல் பட்டறை வேலை மந்தமாகும். அந்த இரண்டு மாத ட்யூவை ஆடியிலேயே யோசித்து வைக்க வேண்டும். தீபாவளிக்கு வண்டி எடுப்பவர்களுக்கு முதல் ட்யூவே நல்ல மழையில் வந்து நிற்கும்.

இனி இன்சூரன்ஸ். “அஞ்சு வருஷத்துக்கு இருக்கு சார்” என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே சேதி. அது பாதிதான் சரி. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் வந்த உத்தரவுதான், அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருஷத் தேர்ட் பார்ட்டியைச் சேர்த்தே வாங்க வேண்டும் என்றாக்கியது. 2022 ஜூனில் அறிவித்த கட்டணப்படி 75 சி.சி.க்கு மேல் 150 வரை அது 3,851 ரூபாய், வரி தனி. இந்த ஐந்து வருஷமும் நம் வண்டி பிறர் மேல் மோதினால் அவருக்குத்தான். நம் வண்டி எரிந்தால், திருடு போனால், புயலில் மரம் விழுந்து நசுங்கினால் பணம் தருகிற ‘ஓன் டேமேஜ்’ முதல் வருஷத்தோடு முடிகிறது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் படுக்கப் போட்டதைப் பார்த்த ஊருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் 36 மாதக் கடனில் கடைசி 24 மாதம் வண்டி பாதிக் காப்பில்தான் ஓடுகிறது. புதுப்பிக்கச் சொல்லி வருகிற குறுஞ்செய்தி அம்மாவின் பட்டன் போனுக்குப் போகும். அதை யாரும் திறப்பதில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. சொந்தக்காரரே ஓட்டி விபத்தில் இறந்தால் 15 லட்சம் தருகிற கட்டாய விபத்துக் காப்பு, சென்னை உயர் நீதிமன்றத்தின் 2017 உத்தரவைத் தொடர்ந்து 2018 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன் இருசக்கர வண்டிக்கு அது ஒரு லட்சமாக இருந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தக் காப்பு, ஆர்.சி.யில் பேர் உள்ளவருக்கு, அவரிடம் லைசென்ஸ் இருந்தால் மட்டும். நம் அம்மாவுக்கு லைசென்ஸ் கிடையாது. ஆகவே அவருக்கு அது பொருந்தாது. பையனுக்கு லைசென்ஸ் உண்டு, வண்டி அவன் பேரில் இல்லை, அவனுக்கும் பொருந்தாது. அவன் தானாகப் போய்ப் புளியமரத்தில் மோதினால் தேர்ட் பார்ட்டியிலும் வழி அடைபட்டுப்போகும். இரவல் வண்டியில் போய் மாட்டு வண்டியில் மோதி இறந்தவரின் மனைவி நிங்கம்மா தொடுத்த வழக்கில், வண்டியை வாங்கி ஓட்டுபவர் சொந்தக்காரரின் இடத்தில்தான் நிற்கிறார் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னது. 2020-இல் ராம்கிலாடி வழக்கிலும் அதே நிலைதான். தன் வண்டியின் இன்சூரன்ஸில் தானே மூன்றாம் ஆளாக முடியாது என்பது இதன் சாரம். ஆகக் கடனை அடைக்கப்போகிற கைதான் காப்பில்லாமல் வண்டி ஓட்டுகிறது.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி பெரிய வித்தை ஒன்றுமில்லை. பையன் பேரில் தனி விபத்துக் காப்பு. வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம். 18 வயது முதல் 70 வரை யாரும் சேரலாம். அஞ்சலக வங்கியில் சில நூறு ரூபாய்க்குப் பத்து லட்சத்துக்கான குழு விபத்துக் காப்பு இருக்கிறது. இரண்டையும் எடுக்கச் சொல்கிறேன். இதில் எனக்குக் கமிஷன் ஒரு பைசா கிடையாது. தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் காப்பை விற்றால் உண்டு. சொல்லிவிடுவது நல்லது.

பையனுக்கு லைசென்ஸே இல்லை என்றால் கதை அம்மா பக்கம் திரும்பும். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். கொடுத்துவிட்டு அதைச் சொந்தக்காரரிடம் வசூலிக்க வரும். சுவரன் சிங் வழக்கிலிருந்து, அதாவது 2004-லிருந்து, தீர்ப்பாயங்கள் இந்த வழியைப் பின்பற்றுகின்றன. அப்போது நோட்டீஸ் வருவது ஆர்.சி.யில் உள்ள பேருக்கு. பதினெட்டு நிரம்பாத பையனிடம் சாவி கொடுத்தால் 2019 திருத்தச் சட்டப்படி 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் பெரியவருக்கு. லைசென்ஸைப் பார்க்காமல் நான் டெலிவரிக்கு எழுதுவதில்லை என்று மானேஜருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பின்னால் உட்காருபவரைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து காலையில் பட்டறைக்கு வருகிற பெண்களில் நிறைய பேர் கணவனின், தம்பியின், பக்கத்து வீட்டுக்காரரின் வண்டிப் பின்சீட்டில்தான் வருகிறார்கள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி பின்சீட்டுக்காரருக்குப் பொறுப்பேற்காது என்று திலக் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழுப் பாலிசி என்றால் பொறுப்பு உண்டு. இதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் தெளிவாக்கியது. ஆக முதல் வருஷம் பின்சீட்டுக்குக் கவலை இல்லை, இரண்டாம் வருஷம் கவலை ஆரம்பம். புதுப்பிக்கும்போது பின்சீட்டுக்கான விபத்துக் காப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்கச் சொல்கிறேன். பின்சீட்டில் வருகிறவருக்கும் 20 ரூபாய்த் திட்டம் உண்டுதானே.

எக்ஸ்எல் மொபெட்காரர்கள் தனி இனம். பொம்மை மூட்டையை முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு கொலு சீசனில் ஊர் ஊராகப் போகிறவர்கள். பாலிசியின் பின்பக்கத்தை அவர்கள் படித்தால் கொஞ்சம் யோசிப்பார்கள்: சாம்பிளும் சொந்த மூட்டை முடிச்சும் தவிரச் சரக்கு ஏற்றுவதும், வாடகைக்கு ஓட்டுவதும் தனியார் இருசக்கரப் பாலிசியின் பயன்பாட்டு வரம்புக்கு வெளியே. விபத்துக்குப் பிறகு சர்வேயர் உடைந்த பொம்மைகளைப் போட்டோ எடுத்தால் ஓன் டேமேஜில் கேள்வி எழ இடமுண்டு. இவர்களிடம் ஆட்-ஆன் பேசுவதை விட்டுவிட்டு இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஓன் டேமேஜ் தேவையா என்று கேட்டால், ட்யூ ஓடுகிற வரை தேவை என்பேன். பழைய டாரிஃப் விகிதப்படி எங்கள் பக்கம் 150 சி.சி.க்குள், ஐந்து வயசுக்குட்பட்ட வண்டிக்கு மதிப்பில் 1.676 சதவீதம். 70,000 மதிப்பென்றால் 1,173 ரூபாய். போட்டியில் இதிலும் தள்ளுபடி கிடைக்கும். திருட்டுக்காகத்தான் இதை வலியுறுத்துகிறேன். புது வண்டியின் காப்பு மதிப்பு ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்து 76,000. வரியும் பதிவுச் செலவும் அதில் சேராது. நம் கணக்கில் ஆறு ட்யூ கட்டிய பிறகு மிச்சக் கடன் சுமார் 78,000. அன்றைக்கு வண்டி காணாமல்போனால் கம்பெனி தரும் 76,000 நேரே பைனான்ஸுக்குப் போகும், இரண்டாயிரம் கையிலிருந்து போகும், பணம் வரும் வரை ட்யூவும் ஓடும். முன்பணத்தை இருபதாயிரமாக்கினால் அன்றைக்கு இந்த இடுக்கே இல்லை. முழு விலைக்கும் காப்பு தருகிற ஆட்-ஆன் வாங்குவதைவிட முன்பணத்தைக் கூட்டுவது மேல் என்பது என் கட்சி. ஜீரோ டெப், அதாவது அந்தப் பம்பர் டு பம்பர், பிளாஸ்டிக் உடம்புள்ள ஸ்கூட்டருக்கு இரண்டு வருஷம் நல்லது. அது இல்லையென்றால் பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் கிளெய்மில் பாதியைக் கழித்துவிடுவார்கள். சாதாரண பைக்குக்கு அந்தப் பணத்தை விபத்துக் காப்பில் போடலாம்.

கடைசி ட்யூ கட்டியவர் ஸ்வீட் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பாதி வேலை அப்போதும் பாக்கி. கடன் முடிந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் தந்து அடமானப் பதிவை நீக்க வேண்டும், அவர்கள் பக்கம் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இது நடப்பில் உள்ளது. என்.ஓ.சி.யும் 35-ஆம் நம்பர் பாரமும் கைக்கு வந்தவுடன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து ஹெச்.பி. என்கிற அந்த அடமானப் பதிவைக் கேன்சல் செய்ய வேண்டும். பாலிசியிலும் பைனான்ஸ் பேர் இருக்கும். அதையும் எடுக்கச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத வேண்டும். பெயர் மாற்றமும் அந்த வாரத்திலேயே செய்துகொள்ளலாம்: கடன் இல்லாத வண்டியை அம்மா பேரிலிருந்து பையன் பேருக்கு மாற்ற பைனான்ஸிடம் இனி அனுமதி வேண்டாம். மாற்றினால் 15 லட்ச விபத்துக் காப்பை அவன் பேரில் எடுக்கலாம். பழைய ஆர்.சி.யையும் என்.ஓ.சி.யையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து வரச் சொல்கிறேன். அம்மா கையெழுத்து இன்னொரு தடவை வேண்டும்.