குறுக்கிழைக்கு முன்னால்

துப்பாக்கியைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போதே ஒரு தயக்கம் முன்னால் வந்து நிற்கிறது. நம் மொழியில் அது காவலரிடமோ திரைப்பட நாயகனிடமோ இருக்கும் பொருள். உழவுக் கருவிகளின் வரிசையில் அதை வைத்து யாரும் பார்ப்பதில்லை. நாங்கள் வாழும் மத்திய டெக்சஸில் நிலைமை வேறு. இங்கே மண்வெட்டி, ரம்பம், வேலிக்கம்பியை முறுக்கும் குறடு ஆகியவற்றோடு ரைபிளும் ஒன்று. எந்தக் கருவிக்கும் உரிய கேள்வி அதற்கும் உண்டு: எதைப் பார்த்து வாங்குவது?

எங்களுக்குச் சில ஏக்கர் நிலமும், ஓர் ஓடைக்கரையை ஒட்டி நாற்பது பிகான் மரங்களும் உண்டு. இலையுதிர் காலத்தில் கொட்டைகள் விழத் தொடங்கியதும் காட்டுப்பன்றிகளும் வந்துவிடும். விழுந்ததைத் தின்பதோடு அவை நிற்பதில்லை. மூக்கால் உழுது புல்வெளியை ஒரே இரவில் புரட்டிப் போட்டுவிடும். இவை இந்த மண்ணின் விலங்குகள் அல்ல. 1539இல் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்னும் ஸ்பானியர் ஃபுளோரிடாவில் கரையிறங்கியபோது உணவுக்காகப் பன்றிகளையும் ஓட்டி வந்தார். அவற்றைப் போலத் தப்பியோடிக் காட்டில் பெருகிய வளர்ப்புப் பன்றிகளும், பிற்காலத்தில் வேட்டைக்கென்று கொண்டுவந்து விடப்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் கலந்து உருவான கூட்டம் இது. 2019 முதல் டெக்சஸில், நில உரிமையாளரின் ஒப்புதல் இருந்தால், தனியார் நிலத்தில் இவற்றைச் சுட வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. பரண்மீதிருந்து தினைப்புனம் காத்தவர்களைப் பற்றிப் பாடல்களில் படித்து வளர்ந்த நாங்கள், அந்தக் காவலை இப்படி ஏற்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை.

ரைபிள் ஏஆர்-15 வகையைச் சேர்ந்தது; .223 ரெமிங்டன் தோட்டாவுக்கானது. இதை அரைத்தானியங்கி என்பார்கள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா செல்லும். வெடிப்பின் வாயுவே உட்பூட்டைப் பின்னுக்குத் தள்ளி, வெற்று உறையை வெளியே எறிய, சுருள்வில் அதை முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றி வைத்துவிடும். பழைய பாணி ரைபிளில் ஒவ்வொரு முறையும் கையால் பூட்டை இழுத்துத் தள்ள வேண்டும். அந்தச் சில நொடிகளில் மனம் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். இங்கே அந்த இடைவேளை இல்லை. ஆகவே நிதானம் என்று ஒன்று இருக்குமானால் அது கண்ணிடம்தான் இருக்க வேண்டும். எங்கள் ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு புள்ளியிலிருந்தே தொடங்கியது.

கையில் 500 டாலர் இருந்தது. மரவரிசையின் முனையிலிருந்து ஓடைக்கரை 120 கஜம். அதற்கு அப்பால் அண்டைப் பண்ணைக்காரரின் மேய்ச்சல் நிலம். அவருடையவை கருப்பு ஆங்கஸ் மாடுகள். பன்றிகளும் பெரும்பாலும் கருப்பு. அவை வருவதோ அந்திக் கருக்கலில். இதைவிடத் தெளிவாக எங்கள் சிக்கலைச் சொல்லிவிட முடியாது.

முதலில் பார்த்தது ரெட் டாட் எனப்படும் செம்புள்ளிக் கருவி. இதில் உருப்பெருக்கம் கிடையாது. கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும், அதை இலக்கின்மீது வைத்தால் போதும். எடை குறைவு, இரு கண்களையும் திறந்தே பார்க்கலாம். வழக்கமான அளவான 2 எம்.ஓ.ஏ. புள்ளி 100 கஜத்தில் ஏறத்தாழ 2 அங்குலத்தை மறைக்கும், எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. ஆனால் எங்களில் ஒருவருக்குச் சிதறல் பார்வை. புள்ளி அவருக்கு உடைந்த நட்சத்திரம்போலத் தெரிந்தது. கைப்பேசியின் கேமரா வழியாக அதே புள்ளியைப் பார்த்தோம், வட்டமாக இருந்தது. கருவியில் கோளாறு இல்லை, கண்ணில்தான் என்பதை அறிய இந்த எளிய சோதனை போதும். கண் நன்றாக இருப்பவருக்கும், புள்ளி எங்கே இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது பன்றியா கன்றா என்பதைச் சொல்லாது.

அடுத்து முப்பட்டகக் கருவி. கண்ணாடியிலேயே பொறித்த கோடு. மின்கலம் தீர்ந்தாலும் கோடு நிற்கும். சிதறல் பார்வையுள்ளவருக்கும் தெளிவு. ஆனால் உருப்பெருக்கம் மாறாது, கண்ணையும் மிக அருகில் வைத்தாக வேண்டும்.

மூன்றாவது, வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் 3 முதல் 9 மடங்கு ஸ்கோப். முன்வில்லை 40 மில்லிமீட்டர். நான்காவது, இப்போது பரவலாக விற்கும் 1 முதல் 6 மடங்கு ஸ்கோப். முன்வில்லை 24 மில்லிமீட்டர்.

ஒன்பது ஆறைவிடப் பெரியது என்பதில்தான் வாங்குபவர் மயங்குகிறார். முன்வில்லையின் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 40ஐ 9ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர்; 24ஐ 6ஆல் வகுத்தால் 4. இளமையில் இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும் கண்பாவை, ஐம்பதைத் தாண்டியவர்க்குப் பொதுவாக 5ஐ ஒட்டி நின்றுவிடும். ஆகவே அந்தியில் ஸ்கோப்பின் வளையத்தைத் திருப்பி 6 மடங்கை 4 மடங்காகக் குறைத்தால் ஒளிவட்டம் 6 மில்லிமீட்டராகிக் காட்சி வெளிச்சம் பெறும். பெரிதாக்கும்போது இருள்கிறது, சிறிதாக்கும்போது தெளிகிறது. வெளிச்சக் கணக்கில் 40 மில்லிமீட்டர் வில்லைக்கே முதலிடம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் குறைந்த அளவே 3 மடங்கு. பன்றிகள் 30 கஜத்திலும் வரும். அப்போது பக்கத்தில் வேறென்ன நிற்கிறது என்பது அந்தச் சிறிய வட்டத்துக்குள் அடங்காது. ஒரு மடங்கில் வைத்தால் 100 கஜத்தில் 100 அடிக்கு மேற்பட்ட அகலம் தெரியும். பரந்து பார்ப்பதா, வெளிச்சமாகப் பார்ப்பதா என்று இரண்டு வாரம் பேசி, பரப்பையே தேர்ந்தோம்.

கடையில் எல்லாக் கண்ணாடிகளும் நன்றாகத்தான் தெரியும்; குழல்விளக்கின் கீழ் மலிவானதும் விலையுயர்ந்ததும் சகோதரர்கள். மாலை ஆறரை மணிக்குப் போய், கடைக்காரரின் அனுமதியோடு, எதிலும் பொருத்தப்படாத ஸ்கோப்களைப் பின்வாசலில் வைத்து, தொலைவிலிருந்த ஒரு வேலியைப் பார்த்தோம். முள்கம்பி எதில் எவ்வளவு நேரம் வரை தெரிகிறது என்பதே எங்கள் தேர்வு. 300 டாலரை ஒட்டிய விலையில் வோர்டெக்ஸ், பிரைமரி ஆர்ம்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்த வகையைச் செய்கின்றன. ஆயுட்கால உத்தரவாதமும் உண்டு. அவற்றுள் ஒன்றை எடுத்தோம். கோடு, உருப்பெருக்கத்தோடு சேர்ந்து வளராத வகை. அதன் அளவுக்குறிகள் ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் கணக்குக்குப் பொருந்தும். ஆனால் 120 கஜத்துக்குள் கணக்கே தேவைப்படாது, ஒரு மடங்கிலும் கோடு மறையாது.

ஸ்கோப்பைத் தாங்கும் பிடிக்கு 80 டாலர். இவ்வகை ரைபிளில் கண்ணருகு வில்லை சரியான தொலைவில் அமைய ஸ்கோப்பை முன்னே தள்ளிப் பொருத்த வேண்டும். அதற்கென்றே முன்னோக்கி நீண்ட ஒற்றைப் பிடிகள் கிடைக்கின்றன. திருகுகளைக் கைவலிமையால் முறுக்காமல், தாளில் சொன்ன அளவுக்கு, அளவுகாட்டும் திருகுளியால் முறுக்க வேண்டும். நல்ல கண்ணாடியும் தளர்ந்த பிடியும் சேர்ந்தால் அது நல்ல கண்ணாடி அல்ல.

இலக்குச் சீரமைப்பை 50 கஜத்தில் செய்தோம். ஸ்கோப்பின் மையம் குழலுக்கு ஏறத்தாழ இரண்டரை அங்குலம் மேலே இருப்பதால், தோட்டா பார்வைக்கோட்டுக்குக் கீழிருந்து புறப்பட்டு, 50 கஜத்தில் அதைக் கடந்து, சற்று மேலேறி, 200 கஜத்தை ஒட்டி மீண்டும் கடக்கிறது. திருகின் ஒரு சொடுக்கு 100 கஜத்தில் கால் அங்குலம். 50இல் அதில் பாதி.

அந்தக் குறுக்கிழைக்கு ஒரு கதை உண்டு. 1640ஐ ஒட்டிய ஆண்டுகளில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த வில்லியம் காஸ்கோயின் என்னும் இளைஞர், தம் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி இழை கட்டியிருப்பதையும், அது விண்பொருளோடு சேர்ந்து கூர்மையாகத் தெரிவதையும் கண்டார். விண்மீன்களை அளக்க அவருக்குக் கிடைத்த வழி அது. 1644இல் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில், மார்ஸ்டன் மூர் களத்தில் அவர் இறந்துபோனார். வானத்தை அளக்க வந்த இழை பிறகு துப்பாக்கிமேல் ஏறியது. இழைமீது குற்றமில்லை. அதன் பின்னால் இருக்கும் கண்ணுக்கே பொறுப்பு.

இனிச் சொல்ல வந்தது. மீதமிருந்த 120 டாலருக்கு 8 மடங்கு, 42 மில்லிமீட்டர் இருகண் நோக்கி ஒன்று வாங்கினோம். ஸ்கோப்பிலேயே பார்க்கலாமே, இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ அங்கே குழலும் பார்க்கிறது. இன்னதென்று தெரியாத ஒன்றை ஸ்கோப் வழியாகப் பார்ப்பதென்றால், அறியும் முன்பே அதன்மீது துப்பாக்கியை நீட்டியாயிற்று. அது கன்றாக இருக்கலாம், ஓடைக்கரையில் தம் மாட்டைத் தேடிவரும் அண்டை வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

நவம்பரில் ஒரு மாலை, கரையில் ஆறு கருப்பு உருவங்கள் தலைகுனிந்து நின்றன. ரைபிள் சுவரில் சாய்ந்திருந்தது. இருகண் நோக்கியை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஐந்து உருவங்களின் முதுகு தோளில் உயர்ந்து பின்னால் சரிந்தது. ஆறாவது தலையைத் தூக்கியபோது நீண்ட காதுகள் பக்கவாட்டில் விரிந்தன. வேலியின் இடைவெளியில் நுழைந்து வந்த கன்று. பன்றிகளுக்கு நடுவில், அவற்றைப் போலவே எதையோ மேய்ந்துகொண்டிருந்தது.

அன்று சுடவில்லை. அண்டைப் பண்ணைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் வண்டியின் விளக்கைக் கண்டதும் பன்றிகள் ஓடைக்குள் மறைந்தன. வேலியை மறுநாள் காலையில் அவரும் நாங்களும் சேர்ந்து கட்டினோம். பிறகு வந்த வாரங்களில் நான்கு பன்றிகளைச் சுட்டோம். நான்கும் நின்ற இடத்திலேயே விழுந்தன. அதில் எங்களுக்குப் பெருமையில்லை, நிம்மதி உண்டு.

நடுத்தர விலையில் எந்த ஸ்கோப் வாங்கலாம் என்று இப்போது எங்களைக் கேட்பவர்களுக்கு ஒரே மறுமொழிதான் சொல்கிறோம். வைத்திருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கையேனும், துப்பாக்கியில் பொருத்த முடியாத ஒரு கண்ணாடிக்கு முதலில் எடுத்து வையுங்கள். மீதியை வைத்து எதை வாங்கினாலும் பெரிதாகப் பிழை நேராது.