ஒரு விரற்கடை

ஆடி பிறந்துவிட்டால் கொளவாய் ஏரிக்கரையில் காற்றாடி விடாத சிறுவர் எங்கள் தெருவில் இல்லை. நானும் விட்டேன். ஆனால் என் காற்றாடி மட்டும் நிற்காது. எழும்பும், தலையை ஆட்டும், சுற்றிச் சுற்றி வந்து மண்ணைக் கவ்வும். "காற்று சரியில்லை" என்பேன். அதே காற்றில் மற்றவர் காற்றாடிகள் வானத்தில் புள்ளிகளாய் நின்றிருக்கும்!

ஏற்றத் தெரியாத நான், எட்டாம் வகுப்பில் அறுக்கக் கற்றுக்கொண்டேன். நைலான் நூலில் கண்ணாடித் தூள் மாஞ்சா. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த நூலுக்கு 2017இலேயே நாடெங்கும் தடை விதித்திருந்தது. தடையென்று தெரிந்தேதான் வாங்கினேன்.

ஒரு மாலை என் நூல் அறுந்து சாலையின் குறுக்கே ஓடியது. வேலை முடிந்து வண்டியில் வந்துகொண்டிருந்தார் என் தாய்மாமன். கழுத்தில் ஏழு தையல். "எந்தப் பாவி விட்ட நூலோ" என்று அம்மா அழுதாள். நான் வாய் திறக்கவில்லை. அன்றோடு காற்றாடியையும் தொடவில்லை.

2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் பன்னாட்டுக் காற்றாடி விழா மாமல்லபுரத்தில் நடந்தது. "வாடா, பார்த்துவிட்டு வரலாம்" என்று அழைத்தவர் அதே மாமாதான். திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றோம். வண்டியின் பின்னால் அமர்ந்திருந்த எனக்கு வழியெல்லாம் அவர் கழுத்துத் தழும்பே கண்ணில் பட்டது.

கடற்கரையில் சென்னைக்காரர் ஒருவர் நான்கு கயிற்றுக் காற்றாடி ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார். நான்கு கயிறுகளின் நுனியையும் ஒரே முளையில் மாட்டி, மறுமுனையை இழுத்துப் பார்த்தார். இரண்டு கயிறுகள் சற்றே நீண்டிருந்தன. "முன்கயிறு இரண்டும் பாரம் தாங்குகிறவை, நாளடைவில் நீளும். பின்கயிறு இரண்டும் திருப்பவும் நிறுத்தவும். முன்கயிறு நீண்டால், பின்கயிறு தானாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காற்றாடி ஏறாது" என்றார். நைலான் அதிகம் நீளுமென்று, நீளாத இழைக்கு மாறிவிட்டாராம். முடிச்சை நகர்த்தி நான்கையும் சமப்படுத்தினார்.

இவ்வளவு கவனம் ஏன்? காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் துணியை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையளவு தள்ளும்; 10 மீட்டரானால் 6 கிலோ. பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக், காற்றாடி இழுக்கும் வண்டிக்கு 1826இலேயே காப்புரிமை பெற்றவர். விளையாட்டுப் பொருளா அது?

தயங்கித் தயங்கி என் பழைய காற்றாடியின் கதையைச் சொன்னேன். நான் சூத்திரம் போடும் முறையைக் கேட்டார். யாழ்ப்பாணத்தார் முச்சை என்பார்களே, அதுதான். மணலில் வரைந்து காட்டினேன். சிரித்தார். "முடிச்சு ரொம்பக் கீழே இருக்கிறது தம்பி. மெல்லிய காற்றுக்குத்தான் கீழே. ஆடிக்காற்றுக்கு ஒரு விரற்கடை மேலே தள்ளவேண்டும்."

ஒரு விரற்கடை! அதைச் சரிசெய்யத் தெரியாமல் காற்றைப் பழித்தேன். பிறர் நூலை அறுத்தேன். மாமாவின் கழுத்தையும் அறுத்தேன்.

திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமா தழும்பைத் தடவிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். தேநீர் ஆறிவிட்டது. பிறகு, "பாப்பா காத்தாடி கேட்டுக்கிட்டே இருக்கா. நாளைக்குக் கட்டிக் குடு. சூத்திரம் நீயே போடு. நூல் வெறும் தையல் நூல்தான், தெரியுதா?" என்றார்.

மறுநாள் ஏரிக்கரையில் முடிச்சை ஒரு விரற்கடை ஏற்றிக் கட்டினேன். காற்றாடி நின்றது. நூலைப் பாப்பாவின் கையில் கொடுத்தேன். மாமா பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, நம் காற்றாடி ஏறாதபோது காற்றையும் பிறரையும் நோவதற்கு முன், நம் கையிலுள்ள முடிச்சை ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.