எடுத்த பிறகு

கட்டைப் பிரித்தது ஐந்தாம் நாள். நர்சம்மா பஞ்சை நனைத்து நனைத்துப் பிளாஸ்திரியை ஓரத்திலிருந்து உரித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாதான் முதலில் பார்த்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இன்னாடி இது, காத்து போன பலூனாட்டம் கீது" என்றது. நர்சம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. அழுதபோதும் அதே இடத்தில்தான் இழுத்தது.

2019-இல் எனக்கு இடது மார்பில் புற்றுநோய் என்றார்கள். அப்போது வயது 31. மார்பை எடுத்துவிட்டு, அதே மேசையிலேயே சிலிக்கான் பை ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தார்கள். 2023-இல் அந்தப் பையை வெளியே எடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். வைப்பதற்கு முன்னால் படம் படமாகக் காட்டினார்கள். எடுப்பதற்கு முன்னால் ஒரு படமும் இல்லை. எடுத்த பிறகு எப்படி இருக்கும் என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். "அது ஆளாளுக்கு மாறும்மா" என்று பதில் வந்தது.

மாறும்தான், பொய்யில்லை. ஒரு ஆளுக்காவது எப்படி இருந்தது என்று தெரிந்தால் போதும் என்று நானும் தமிழில் தேடினேன். எம்.ஏ. தமிழ் படித்தவள். கொங்கை, முலை, தனம், நகில் என்று பெயர்களையும், கோங்கரும்பு, குரும்பை, யானைக்கொம்பு என்று உவமைகளையும் ஒப்பித்துப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். கண்ணகி திருகி எறிந்ததும் இடது முலைதான். எறிந்தாள், மதுரை எரிந்தது. எறிந்த பிறகு அந்த இடம் எப்படி ஆறியது என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. ஆகவே என் உடம்பை நானே எழுதுகிறேன். கூச்சப்படுகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

ஏன் வைத்துக்கொண்டாய் என்று கேட்ட தோழர்கள் உண்டு. அதற்கு முந்தைய வருஷத்துக் கதை ஒன்றைச் சொன்னால்தான் என் பதில் புரியும். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் இலவசமாக அறுவை செய்யும் பிரிவு ஒன்றை அரசு தொடங்கியது. அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் கிடைக்கக்கூடாது என்று கேட்டார் அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். உயிர் காக்கும் சிகிச்சையை விட்டுவிட்டு இது எதற்கு என்று பொது சுகாதாரத் துறையின் முன்னாள் இயக்குநர் இளங்கோ எதிர்த்தார். எங்கள் கூட்டத்திலும் அதுதான் பேச்சு. "கக்கூஸ் இல்லாத சேரிக்கு சிலிக்கானா?" என்றார் ஒரு தோழர். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அடுத்த வருஷமே என் முறை வந்தது.

வந்த பிறகுதான் உறைத்தது. ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாக இருக்கும் பெண் எங்கள் தெருவிலும் இருக்கிறாள். எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் துப்பட்டாவை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்தே போகிறாள். அவள் நிமிர ஆசைப்பட்டால் அது ஆடம்பரம் என்று தீர்ப்புச் சொல்ல அந்தத் தோழர் யார், சிரித்த நான் யார்? மேடையேறிப் பேசுகிறவள் நான். மைக்கைப் பிடிக்கும்போது எல்லார் கண்ணும் என் இடது பக்கத்தில் நிற்குமே என்ற பயம் எனக்கு இருந்தது. அதனால்தான் வைத்துக்கொண்டேன். இதில் சித்தாந்தம் ஒன்றும் இல்லை.

இலவசமாக வைப்பது எனக்கு உறுத்தவில்லை. எடுப்பதைப் பற்றி யாரும் பேசாததுதான் உறுத்துகிறது. உள்ளே வைக்கும் இந்தப் பை ஆயுசுக்கும் நிற்கிற பொருள் இல்லை. வருஷம் கூடக்கூட அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டிவரும் வாய்ப்பும் கூடும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இதை எச்சரிக்கையாகக் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது 2021 அக்டோபரில். முதல் சிலிக்கான் பை ஒரு பெண்ணின் உடம்புக்குள் போனது 1962-இல், டெக்சாஸில் ஹூஸ்டன் நகரத்து தர்ம ஆஸ்பத்திரியில். டிம்மி ஜீன் லிண்ட்சே என்கிற அந்த அம்மா ஆறு பிள்ளை பெற்றவர். மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்கப் போனவரிடம், இதை வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கோ தன் காதைச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் ஆசை. அதையும் செய்து தருகிறோம் என்று சம்மதிக்க வைத்தார்கள். அவருக்கு முன்னால் வைத்துப் பார்த்தது ஒரு நாய்க்கு. நாய்க்கு அடுத்தது ஏழை. வெள்ளைத் தோலாக இருந்தும் வரிசை இதுதான்.

பிற்பாடு நடந்தது பெரிய வியாபாரம். 1992-இல் அமெரிக்கா சிலிக்கான் பைகளைப் பெரும்பாலும் நிறுத்தி வைத்தது. 2006-இல் திரும்ப விட்டது. பிரான்சில் பி.ஐ.பி. என்ற கம்பெனி தொழிற்சாலைச் சிலிக்கானை உள்ளே ஊற்றி விற்று 2010-இல் பிடிபட்டது. 2019 ஜூலையில் அல்லெர்கன் கம்பெனி, அபூர்வமான ஒரு வகைப் புற்றோடு தொடர்பு தெரிந்ததால், சொரசொரப்பான பைகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. எனக்கு வைத்தது வழவழப்பான வகை என்று அட்டையில் போட்டிருந்தது. அந்த அட்டையை ரேஷன் கார்டோடு வைத்திருந்தேன்.

எனக்கு வந்த வினை வேறு. அந்நியப் பொருள் உள்ளே நுழைந்தால் உடம்பு அதைச் சுற்றித் தழும்பால் ஒரு உறை கட்டும். எல்லாருக்கும் கட்டும். சிலருக்கு அந்த உறை சுருங்கி இறுகும், கதிர்வீச்சு வாங்கிய மார்பில் இது கூடுதல். இரண்டாவது வருஷத்தில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்துத் தைத்ததுபோல ஆகிவிட்டது. மழைக்காலத்தில் அது மட்டும் சில்லென்று கிடக்கும். என் மகள் தூக்கத்தில் தலையைச் சாய்த்தால் "கல்லும்மா" என்று வலது பக்கம் புரண்டுகொள்வாள். மெட்ரோ வேலைக்காகக் கொத்திப்போட்ட பூந்தமல்லி ரோட்டில் ஷேர் ஆட்டோ குலுங்கினால் காட்டுப்பாக்கம் இறங்குவதற்குள் உயிர் போய் உயிர் வரும். கடைசியில் எடுத்துவிடுங்கள் என்று நானே சொன்னேன்.

எடுத்த பிறகு எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறேன்.

முதல் வாரம் வீக்கம். பை இன்னும் பாதி உள்ளே இருக்கிறதோ என்று தோன்றும். விலாவிலிருந்து ஒரு குழாய், அதன் முனையில் ரத்தநீர் சேரும் டப்பா. அம்மா அந்த டப்பாவை மஞ்சப்பையில் போட்டு என் தோளில் மாட்டிவிட்டது. குழாயை எடுத்த பிறகும் நீர் கோத்துக்கொண்டது, இரண்டு தடவை ஊசியால் இழுத்தார்கள். மூன்றாம் வாரம் வடிந்த பிறகுதான் அதன் உண்மையான முகம் தெரிந்தது. மேடு இருந்த இடத்தில் பள்ளம். பள்ளத்துக்கு மேலே, நாலு வருஷம் பையைத் தாங்கி இழுபட்ட தோல், ஊறிப்போன விரல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. அக்குள் ஓரத்தில் சின்ன சட்டைப்பை போல ஒரு மடிப்பு. காம்பு முதல் அறுவையிலேயே போய்விட்டது. குறுக்கே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் கோடு. ஆறு மாசத்தில் சுருக்கம் பாதி அடங்கியது. கதிர்பட்ட இடம் மட்டும் பறைத்தோல் மாதிரி விறைத்து விலாவோடு ஒட்டிக்கொண்டது. தட்டினால் சத்தம் வராது, அவ்வளவுதான் வித்தியாசம். தொட்டால் தொடுகிற விரலுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது.

தழும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் காட்டிய படங்களில் தழும்பு வெளிர்சிவப்பு நூல் மாதிரி இருந்தது. ஏனென்றால் படத்தில் இருந்த நெஞ்செல்லாம் வெள்ளை. எங்கள் நிறத்தில் தழும்பு கறுக்கும், சிலருக்குத் தடித்து எழும்பும். என்னுடையது நெஞ்சுக்குழி பக்கம் மண்புழு மாதிரி தடித்து அரித்தது. அதன்மேல் ஒட்டிக்கொள்ள ஒரு பட்டையைக் கொடுத்தார்கள். என்ன பட்டை என்று பார்த்தால் சிலிக்கான்! உள்ளேயிருந்து எடுத்ததை வெளியே ஒட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சாலிகிராமம். சினிமாவில் குரூப் டான்ஸ் ஆடியவர். 22 வயதில் வட்டிக்கு வாங்கி இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டிருக்கிறார். 14 வருஷம் கழித்து ஒன்று உள்ளேயே கிழிந்துபோய், இரண்டையும் எடுக்க வந்திருந்தார். தன் கதையை எழுதிக்கொள், பேரைப் போடாதே என்றார். அவருக்குப் புற்று இல்லை, அவருடைய சொந்த மார்பு அப்படியே இருந்தது. எடுத்ததும் மேல்பாகம் வற்றி, கீழே தொய்ந்து, காம்பு தரையைப் பார்த்தது. "குட்டிங்க குடிச்சு முடிச்ச ஆட்டு மடி" என்று அவரே சொன்னார். மூன்று நாலு மாசம் போனதும் கொஞ்சம் திரண்டிருக்கிறது என்று போனில் சொன்னார். தொய்வு போகவில்லை. சின்னப் பை, கொஞ்ச வருஷம், இளந்தோல் என்றால் பெரும்பாலும் பழையபடிக்குப் பக்கத்தில் வந்துவிடுமாம். பெரிய பையாகப் பல வருஷம் இருந்தாலோ, பால் கொடுத்த உடம்பானாலோ தொங்கும். தூக்கித் தைக்கிற அறுவையும் இருக்கிறது, அதற்கு மறுபடியும் காசு.

அவர் சாதியை நான் கேட்கவில்லை. அவர் என்னுடையதைக் கேட்டார். சொன்னேன். அன்று ராத்திரி முதல் அவர் வீட்டுச் சாம்பார் என் கட்டில் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பேரும் ஆளுக்கொரு குழாயோடு வராந்தாவில் நடந்தபோது, என் மஞ்சப்பை வார் நழுவியது. அவர்தான் பிடித்து மாட்டிவிட்டார். மறுநாள் சாம்பார் வந்தது. மன்னிப்பும் வரவில்லை, நானும் கேட்கவில்லை. சாம்பாரைச் சாப்பிட்டேன்.

நம் பெண்களின் மார்பை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அடுத்தவர் கட்டளை போட்டது ஒன்றும் புதுசில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பக்கத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம் வெள்ளி கூடாது, குடை செருப்பு கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில், பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மூடக்கூடாது என்பதும் ஒன்று. ஹட்டன் எழுதிய சாதி பற்றிய ஆங்கில நூலில் அதைப் படித்த அன்று எனக்கு எங்கள் ஆயா ஞாபகம்தான் வந்தது.

எங்கள் ஊரில் எழுதி வைத்த தடை ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் ஆயா ரவிக்கை போட்டதில்லை. இந்தக் காட்டுப்பாக்கம் அடுக்குமாடியும் மேம்பாலத் தூணுமாக ஆவதற்கு முன்னால் நடவுக்குப் போன கை அது. ஏன் ஆயா போடலை என்றால், "போட்டா, இவளுக்கு இன்னா வந்துச்சுன்னு கேப்பானுங்க. கேக்க வெச்சிக்கினு இன்னாத்துக்கு" என்னும். அம்மா கல்யாணத்துக்குப் போட்டோ பிடிக்க யாரிடமோ இரவல் வாங்கி ஒருநாள் மாட்டிக்கொண்டதாம். கழற்றியதும் தோளெல்லாம் அரிப்பு என்று தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டதாம். நான் ஆயாவின் முந்தானைக்குள் கையை விட்டுக்கொண்டு தூங்கியவள். ஏழு பிள்ளைக்குக் கொடுத்து, வற்றி, மடிந்து, இடுப்புவரை இறங்கிய மார்பு அது. வயசானால் மார்பு எப்படி ஆகும் என்று எனக்கு யாரும் படம் காட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் என் மகளிடம் நான் மறைத்தேன். குளிக்கும்போது தாழ்ப்பாள், துணி மாற்றும்போது திரும்பிக்கொள்வது. அம்மாதான் ஒருநாள் திட்டியது: "மூடி மூடி வெச்சா அது இன்னாவோ ஏதோன்னு பயந்துடும்டி புள்ள. காட்டிடு." காட்டினேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. உற்றுப் பார்த்துவிட்டு, "ஜிப்பு மாதிரி கீதும்மா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். இத்தனை நாள் நான் தூங்காமல் கிடந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

வெளியே போக அம்மாவே ஒரு பை தைத்துக் கொடுத்தது. பழைய பருத்திச் சேலைத் துணி, உள்ளே இலவம்பஞ்சு. பஞ்சு மட்டும் இருந்தால் மேலே ஏறிக்கொள்கிறது என்று எடைக்கு ஒரு பிடி கேழ்வரகு. "மழைல நனைஞ்சிடாத, மொளைச்சிடும்" என்று எச்சரிக்கை வேறு. ஜாக்கெட் தைக்கும் அக்கா எதுவும் கேட்காமல் பாடிக்குள் உறை வைத்துத் தைத்துத் தந்தார். தைத்த கூலிக்கு மேல் வாங்கவில்லை. கூட்டத்துக்குப் போனால் சில நாள் வைத்துக்கொள்வேன். வெயில் காலத்தில் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வேன். மைக் பிடிக்கும்போது பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள். பேச ஆரம்பித்தால் பேச்சைக் கேட்கிறார்கள், சிலர் கடைசிவரை பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

போன மாசம் எங்கள் பின்தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம். அவளுக்கும் இடது பக்கம்தான். அடுத்த வாரம் ஆபரேஷன், பை வைக்கலாமா வேண்டாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள், யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்றாள். நான் வை என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டேன். ஜாக்கெட்டைக் கழற்றி நின்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள். கிட்டே வந்து தழும்பு தடித்த இடத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"வலிக்குதாக்கா?"

"அங்க இல்ல. இங்க, அக்குள் கிட்ட. மார்கழி வந்தா கொஞ்சம் இழுக்கும்."

"இன்னொரு தடவ தொட்டுக்கட்டுமா?" என்றாள்.